பெயரும் ஊரும் உங்களுடையது, மெயில் மட்டும் வேறொருவருடையது

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். ஆந்திராவில் சித்தூரில் இருக்கிறீர்கள், வயது முப்பத்தொன்று. ஒரு மாதத்துக்குள் உங்கள் ஜிமெயிலுக்கு மூன்று மெயில் வந்திருக்கிறது. முதலாவது ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து: உங்கள் பெயர், சித்தூர் என்ற ஊர், ஆனால் வயது 58. இரண்டாவது ஒரு வங்கியின் கடன் கணக்கு விவரம், பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப். மூன்றாவது நேற்று, செவ்வாய்க்கிழமை வந்தது: "அண்ணா, அந்த விஷயம் என்ன ஆச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, அம்மா கேட்டுட்டே இருக்காங்க." மூன்றிலும் உங்கள் முகவரியின் நடுவே நீங்கள் வைக்காத ஒரு புள்ளி. கணக்கை ஹேக் பண்ணிவிட்டார்களா, இது மோசடியா, பதில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. பதில் போட்டால் எனக்கு ஆபத்தா, போடாவிட்டால் அந்த மனிதருக்கு ஆபத்தா? இந்த இரண்டாவது பாதி உங்கள் மனதில் இருக்கிறது என்பதால்தான் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு கல்லூரியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டேன். ஒரு மெயில் எப்படிப் போகிறது, எந்த இடத்தில் தவறுகிறது என்பது கைப்பழக்கமாகத் தெரியும். வக்கீல் இல்லை, போலீஸும் இல்லை. உங்கள் மூன்று மெயில்களையும் நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

உங்களை அதிகம் பயமுறுத்தியது என் பெயர், என் ஊர், ஆனால் நான் இல்லை என்பதுதான். அதற்கான விடையை உங்கள் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் அறிக்கையில் பின்கோடு 678 என்று தொடங்குகிறது என்றீர்களே, அது எங்கள் ஊர்ப் பக்கம். பாலக்காடு மாவட்டத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது, என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். உங்கள் சித்தூரின் பின்கோடு 517-இல் தொடங்கும். ஆங்கிலத்தில் உங்கள் ஊருக்கு இரண்டு 'ஓ' போடுவார்கள், எங்கள் ஊருக்கு ஒரு 'யு'. தமிழில் இரண்டும் ஒன்றுதான். என் அப்பா இந்தப் பக்கம் தபால்காரராக இருந்தவர். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வருவதற்கு முன்னால் உங்கள் ஊர்க் கடிதம் எங்கள் ஊருக்கும், எங்கள் ஊர்க் கடிதம் உங்கள் ஊருக்கும் வழிதவறிப் போவது சாதாரணம் என்று சொல்லியிருக்கிறார். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழி எழுத்துகள், இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் அந்த ஆறு இலக்க முறையைக் கொண்டுவந்தார். மெயில் முகவரிக்குப் பின்கோடு இல்லை. அங்கே ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார்.

புள்ளியைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். ஜிமெயில்.காம் என்று முடியும் முகவரிகளில் பெயருக்குள் வரும் புள்ளிக்கு மதிப்பே கிடையாது. ஒரு புள்ளி வைத்தாலும் ஐந்து வைத்தாலும் அது உங்கள் பெட்டிதான். புள்ளி வைத்த அதே பெயரை இன்னொருவர் வைத்திருக்கவே முடியாது, கூகுள் கொடுக்காது. (அலுவலகம், கல்லூரி பெயரில் முடியும் முகவரிகளுக்கு இது பொருந்தாது, அங்கே புள்ளி புள்ளிதான்.) ஆகவே உங்கள் கணக்குக்குள் யாரும் நுழைந்ததற்கு இந்தப் புள்ளி அடையாளம் இல்லை. உங்களுக்கு வந்த மெயில் வழக்கமான வழியில்தான் வந்திருக்கிறது. மனநிம்மதிக்கு ஒருமுறை செட்டிங்ஸில் போய், மெயில்கள் வேறு எங்காவது ஃபார்வர்ட் ஆகிறதா, உங்களுக்குத் தெரியாத போன் அல்லது கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்படியானால் அந்தப் பெரியவரின் சரியான முகவரி என்ன? இங்கிருந்து ஊகம். பெரும்பாலும் உங்கள் முகவரியோடு கடைசியில் ஓர் எண்ணோ, ஓர் இனிஷியலோ, வேறு ஸ்பெல்லிங்கோ கொண்டதாக இருக்கும். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் பழனிசாமி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ழ-வுக்கு ஒருவர் 'எல்' போடுவார், ஒருவர் 'இசட் எச்' போடுவார். சா-வுக்கு 'எஸ்', 'சி எச்', ஸ்வாமி என்று 'எஸ் டபிள்யூ' என மூன்று வழி. கடைசியில் 'ஒய்' அல்லது 'ஐ'. ஒரே பெயருக்கு இதிலேயே பன்னிரண்டு எழுத்துமுறை ஆகிவிட்டது. இனிஷியல் வேறு இருக்கிறது. தமிழர் அப்பா பெயரின் எழுத்தை வைப்பார், ஆந்திராவில் வீட்டுப் பெயர் முன்னால் வரும், கேரளத்தில் பலருக்கு வீட்டுப் பெயரும் அப்பா பெயரும் பின்னால் போய் நிற்கும். இதையெல்லாம் அரசு சேவை மையங்களில், எங்கள் பக்கத்து அக்ஷயா சென்டரிலோ உங்கள் பக்கத்து மீ-சேவாவிலோ, வாயால் சொல்ல, எதிரில் இருப்பவர் தன் மொழிப் பழக்கத்தில் தட்டச்சு செய்வார். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இந்தத் தவறு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நடக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். காகிதக் கடிதம் தவறான வீட்டுக்குப் போனால் தபால்காரருக்குத் தெரியும். அப்பா உறையின் மேல் "இப்பெயரில் இங்கு யாரும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அனுப்பியவர் முகவரியும் இல்லாவிட்டால் ஆர்.எல்.ஓ. என்ற, திரும்பிய கடிதங்களுக்கான தபால் அலுவலகத்துக்குப் போகும், பிரித்துப் பார்க்கும் அதிகாரம் அங்கே இருப்பவர்களுக்குத்தான். மெயிலும் இப்படித் திரும்பும், ஆனால் முகவரி உலகத்தில் எங்குமே இல்லாதபோது மட்டும். அப்போது பெறும் சர்வர் 550 என்று ஓர் எண்ணைச் சொல்லி மறுக்கும், அனுப்பியவருக்குத் தகவல் போகும். முகவரி இருந்து அது வேறொருவருடையதாக இருந்தால் சர்வர் அமைதியாக வாங்கி வைத்துக்கொள்ளும். மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு 1982-இல் ஜான் பாஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிமுறைதான் இன்றைக்கும் அடிப்படை. அதில் 'இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா' என்று கேட்க இடம் உண்டு, 'பெட்டிக்காரர் அவர்தானா' என்று கேட்க இடமில்லை. ஸ்கேன் சென்டரைப் பொறுத்தவரை அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாவது மெயிலை எழுதிய தம்பியைப் பொறுத்தவரை அண்ணன் பதில் போடவில்லை. அந்தப் பெரியவருக்கு எதுவுமே வரவில்லை. நடந்த தவறு தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். 2011-இல் எங்கள் கல்லூரியில் 'கேட்ச்-ஆல்' என்ற ஏற்பாடு வைத்திருந்தேன். கல்லூரியின் மெயில் முகவரியில் பெயர் தப்பாக எழுதி எது வந்தாலும் திரும்பிப் போகாமல் ஒரே பெட்டியில் விழும். தினமும் நூற்றுக்கணக்கில் குப்பை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதைப் புரட்டும்போது, எங்கள் மாணவி ஒருத்திக்கு ஒரு நிறுவனம் அனுப்பிய நேர்முகத் தேர்வு அழைப்பு கிடந்தது. பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. தேர்வு மறுநாள் காலை பத்து மணிக்கு. நான் தேதியைக் கவனிக்கவில்லை, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். திங்களன்று ஆபீஸ் ரிஜிஸ்டரில் நம்பர் எடுத்து அவளைக் கூப்பிட்டபோது, "பரவாயில்ல சார், நான் செலக்ட் ஆகலன்னு நெனச்சேன்" என்றாள். அந்த வாரமே கேட்ச்-ஆலை எடுத்துவிட்டேன். தவறான பெயருக்கு வரும் மெயில் திரும்பிப் போகட்டும், அனுப்பியவராவது தெரிந்துகொள்வார் என்று.

சரி, மோசடியா என்ற கேள்வி. உங்கள் பயம் நியாயமானது, 'தவறி வந்தது போல' வேஷம் போடும் மெயில்கள் நிறைய உண்டு. யாரோ ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியல் உங்களுக்கு வரும், ஆவலில் திறந்தால் வைரஸ். கிரிப்டோ கணக்கின் பாஸ்வேர்டு 'தவறுதலாக' வரும், உள்ளே போய்ப் பணத்தை எடுக்கப் பார்த்தால் முதலில் கட்டணம் கட்டச் சொல்வார்கள். மன்னிக்கவும், வேறொருவர் என்று நினைத்துவிட்டேன் என்று தொடங்கி நட்பாகி, மாதக்கணக்கில் பேசி, முதலீடு செய்ய வைப்பதும் உண்டு. இவற்றில் எல்லாம் நீங்கள் அடுத்து ஏதோ ஒன்று செய்தாக வேண்டும்: லிங்க்கைத் தொட வேண்டும், உள்ளே நுழைய வேண்டும், பேச்சைத் தொடர வேண்டும். உங்களுக்கு வந்த முதல் இரண்டும் எதையும் கேட்கவில்லை. மூன்றாவது கேட்கிறது, ஆனால் அண்ணனைக் கேட்கிறது, அவருக்கு மட்டும் புரியும் விஷயத்தைக் கேட்கிறது. ஆகவே மூன்றும் உண்மையான தவறுகள்தான் என்பது என் கணிப்பு. மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே முகவரிக்கு வருவதால், அந்தக் குடும்பத்தில் யாரோ இந்தத் தப்பான முகவரியைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. இது கணிப்புதான், உறுதி இல்லை.

கணிப்பைக் கொஞ்சம் இறுக்க ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தொடுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி, பக்கத்தில் பாஸ் அல்லது ஃபெயில் என்று இருக்கும். மெயில் உண்மையில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்க்கும் சோதனைகள் இவை. வங்கி மெயிலில் மூன்றும் பாஸ் ஆகி, அதே வரிகளில் காட்டும் டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) அந்த வங்கியின் சொந்த டொமைனாகவும் இருந்தால், அது அந்த வங்கியின் வாசலிலிருந்துதான் வந்தது. வேறு டொமைன் என்றாலோ ஃபெயில் என்றாலோ அதைத் தொடவே வேண்டாம். தம்பியின் மெயிலுக்கு இந்தச் சோதனை அதிகம் உதவாது. யாரோ ஒருவர் இலவச ஜிமெயில் தொடங்கி அனுப்பினாலும் மூன்றும் பாஸ் என்றே காட்டும். எந்த வாசல் என்று இது சொல்லும், வாசலில் நிற்பவர் யார் என்று சொல்லாது.

வங்கி பிடிஎஃப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பல வங்கிகள் பெயரின் முதல் நான்கு எழுத்தையும் பிறந்த தேதி, மாதத்தையும் சேர்த்து பாஸ்வேர்டாக வைக்கின்றன. பெயரின் ஸ்பெல்லிங்கும் ஒத்துப்போனால் நான்கு எழுத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சம் இருப்பது 366 வாய்ப்புகள்தான். நீங்கள் முயல மாட்டீர்கள் என்று தெரியும், ஆனால் அந்தப் பூட்டு எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் வங்கிக்குச் சொல்வதைத் தள்ளிப்போட மாட்டீர்கள். 'சும்மா யாரென்று பார்க்கலாம்' என்றுகூட அதை முயல வேண்டாம். மெயில் உங்கள் பெட்டிக்கு வந்தது உங்கள் குற்றம் ஆகாது. ஆனால் அடுத்தவர் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ நேர்மையற்ற எண்ணத்தில் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி, தண்டனை அதே அளவு.

சும்மா இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2009 ஆகஸ்டில் வயோமிங் மாநிலத்தின் ராக்கி மவுண்டன் வங்கியில் ஓர் ஊழியர் 1,325 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, கடன் விவரங்கள் அடங்கிய கோப்பைத் தவறான ஜிமெயில் முகவரிக்கு அனுப்பிவிட்டார். தவறு தெரிந்ததும் வங்கி அந்த முகவரிக்கே எழுதியது, பதில் இல்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள். கலிபோர்னியாவில் நீதிபதி ஜேம்ஸ் வேர் அந்தக் கணக்கையே முடக்கும்படி கூகுளுக்கு உத்தரவிட்டார். பிறகு பார்த்தால் அந்த மெயில் திறக்கப்படவே இல்லை. அதை அழித்துவிட்டு உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். ஒரு தப்பும் செய்யாத ஒருவரின் மெயில் பெட்டி சில நாள் பூட்டப்பட்டது. இங்கே உங்களுக்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தகவல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி உங்கள் அனுப்பிய பெட்டியில் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே எப்படிச் சொல்வது என்று பார்க்கலாம். தம்பிக்கு நேரடியாகப் பதில் போடுங்கள். பதில் போகும் முகவரியும் வந்த முகவரியும் ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய வாசகத்தை அழித்துவிடுங்கள். "வணக்கம். செவ்வாய்க்கிழமை நீங்கள் உங்கள் அண்ணனுக்கு அனுப்பிய மெயில், முகவரி மாறி எனக்கு வந்துவிட்டது. நான் அவர் இல்லை. அவருக்குப் போன் செய்து சரியான மெயில் முகவரியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு இடங்களிலும் இந்த முகவரியைக் கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். உங்கள் போன் நம்பர், வேலை, ஊர் எதுவும் வேண்டாம். நன்றி என்று பதில் வந்தால் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகும் பேச்சை வளர்த்து, பணம், உதவி, முதலீடு என்று வந்தால் என் கணிப்பு தப்பு, உடனே நிறுத்திவிடுங்கள். பணம் ஏதாவது போய்விட்டால் சைபர் மோசடி புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் சென்டருக்குப் போன்தான் நல்லது. மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, மேப்பில் அந்த சென்டரைத் தேடி அங்கே இருக்கும் நம்பரில் பேசுங்கள். எங்கள் சித்தூரில் தமிழிலேயே பேசலாம், புரிந்துகொள்வார்கள். இன்ன தேதியில் இன்ன பெயருக்கு அனுப்பிய அறிக்கை எனக்கு வந்திருக்கிறது, அந்த நோயாளியின் போன் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்று கேளுங்கள். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பேச வேண்டியதில்லை. வங்கிக்கும் இதே வழி. 'நோ-ரிப்ளை' முகவரிக்கு நீங்கள் எழுதும் பதிலை யாரும் படிப்பதில்லை, அதனால் வங்கியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் கிளை நம்பரில் சொல்லுங்கள். சரி செய்கிறோம், உங்களுக்கு வரும் ஓடிபி-யைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் வைத்துவிடுங்கள். முகவரியை மாற்ற உங்கள் ஓடிபி தேவையே இல்லை.

நல்லெண்ணத்தில் பலரும் செய்யும் இரண்டு காரியங்களை மட்டும் செய்யாதீர்கள். சரியான முகவரி இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து நீங்களே ஃபார்வர்ட் செய்வது ஒன்று, அது மூன்றாவது ஓர் ஆளிடம் போய்ச் சேரும். இன்னொன்று, ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையின் படத்தைப் போட்டு 'சித்தூரில் இவரை யாருக்காவது தெரியுமா' என்று கேட்பது. நம் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அரை நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூடவே அவருக்கு என்ன நோய் என்பதும் அரை நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். அதை யாரிடம் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னிடமும் அனுப்ப வேண்டாம், நான் பக்கத்து ஊர்க்காரனாக இருந்தாலும்.

மெயில்களை இப்போதே அழிக்காதீர்கள். மூன்று இடத்திலிருந்தும் 'தெரிந்துகொண்டோம்' என்று பதில் வந்தபின் அழித்து, ட்ராஷையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் அங்கே முப்பது நாள் கிடக்கும். அதற்குப் பிறகும் வந்தால் இன்னொரு முறை சொல்லுங்கள். அப்புறமும் நிற்காவிட்டால் அந்த அனுப்புநர்களை மட்டும் தனியாக ஒதுக்கும்படி ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள்.

இன்று புதன். ஸ்கேன் சென்டரும் வங்கியும் நாளைக் காலைதான் திறக்கும், அதுவரை பொறுக்கலாம். தம்பியின் மெயிலுக்கு மட்டும் இன்று இரவே அந்த நாலு வரியை அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் நடுவில் இருக்கிறது.